நீல வட்டத்துக்குள் நடந்து போகும் ஆள்

இன்று காலை சிராங்கூன் சாலைப் பூக்கடைகளுக்கு மல்லிகைப் பெட்டிகளை இறக்கப் போனேன். வழக்கமாக வேனைத் திருப்பும் சந்தின் முனையில் புதிதாக ஒரு பலகை. நீல வட்டம், நடுவில் வெள்ளையாய் நடந்து போகும் ஆள். சட்டென்று பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த டாக்சி ஹாரன் அடித்தது. உன் நினைப்பு வந்துவிட்டது.

சாங்கி சரக்குக் கிடங்கில் விமானத்தில் வரும் பூப்பெட்டிகளை நாம் இருவரும் பிரித்து அடுக்கிய காலம். கிடங்கை மூடப்போவதாகச் சொன்னார்கள். மாதக் கடைசிக்குள் சாலை விதிகளுக்கான தியரி டெஸ்ட் பாஸ் செய்தால் வண்டி பழக்கி வேன் ஓட்டும் வேலை தருவார்கள், இல்லையென்றால் வீடு. நாற்பது வயதுக்கு மேல் புத்தகத்தைத் தூக்கினோம். பஸ்ஸில் போகும்போது ஒரு பலகையின் அர்த்தத்தை முதலில் சொல்பவளுக்கு மறுநாள் ஜன்னல் சீட்டு. பெரும்பாலும் நீதான் உட்கார்ந்தாய்.

நீல வட்டத்தில்தான் சண்டை வந்தது.

“ஆள் நடக்கிற படம்னா, ஆள் வருவாங்க, மெதுவாப் போன்னு அர்த்தம்” என்றேன்.

“எச்சரிக்கைன்னா முக்கோணம் லா. நீல வட்டம் கட்டளை. இது நடக்கிறவங்க பாதை, வண்டி உள்ளே வரக்கூடாது.”

“வரக்கூடாதுன்னா சிவப்புல போட்டிருப்பான். ஓ லெவல் பரீட்சை முடிச்சவ சொல்றேன், கேளுடி.”

ஆயுசு முழுக்க நடந்தே திரிந்தவர்கள் நாம். பலகை ஓட்டுகிறவரிடமும் பேசுகிறது என்பது உனக்குப் புரிந்தது, எனக்கு உறைக்கவில்லை. டெஸ்ட் அன்று வாசலில்கூட என் பதிலையே மறுபடி ஒப்பித்தேன். நீ தலையாட்டினாய்.

உள்ளே அதே கேள்வி வந்தது. என் பதிலை அழுத்தினேன். நேரம் முடியப்போகும்போது உன் முக்கோணம் ஞாபகம் வந்து, உன் பதிலுக்கு மாற்றினேன்.

பாஸ் செய்ய ஐம்பதில் நாற்பத்தைந்து சரியாக இருக்க வேண்டும். எனக்கு நாற்பத்தைந்து. உனக்கு நாற்பத்து நான்கு.

“நீல வட்டத்துக்கு என்னடி போட்டே? எனக்கும் வந்துச்சு, நீ சொன்னதைத்தான் போட்டேன்” என்றாய்.

“நானும் அதேதான்” என்றேன்.

“அப்போ அது சரி லா. வேற எங்கயோ விட்டுட்டேன்.”

மறுபடி எழுத அந்த மாதத்தில் தேதி கிடைக்கவில்லை. நீ சுவா சூ காங் காப்பிக்கடையில் மங்குத் தட்டு கழுவப் போனாய். பார்க்கும்போதெல்லாம் “வாங்க டிரைவரம்மா” என்பாய். உன்னிடம் ஒரு துளி பொறாமை இருந்திருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்த கடைசி மதியம் உண்மை தொண்டை வரை வந்தது. கஞ்சி குடித்தாயா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன். அவ்வளவு கோழை நான்.

இன்று வேனைச் சந்துக்குள் திருப்பவில்லை. தூரத்தில் நிறுத்திவிட்டு, தள்ளுவண்டியில் பெட்டிகளை வைத்து நடந்தேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று கடைக்காரர் கத்தினார்.

“இது நடக்கிறவங்க பாதை, வண்டி உள்ளே வரக்கூடாது” என்றேன்.

யார் சொன்னது என்று கேட்பார், உன் பெயரைச் சொல்லிவிடலாம் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவர் பூவை எண்ணப் போய்விட்டார்.