நலமில்லை என்றால் பலூன்

ஜூன் 3

இன்று எனக்கு ஆண் குழந்தை பிறந்தது. அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

பிரசவமான தாய்மார்களுக்கான கைபேசிச் செயலிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பது எங்கள் வேலை. குழந்தை பிறந்த தேதியைச் சொன்னால்தான் செயலி உள்ளே விடும். குழுவில் பெண் நான் ஒருத்தி. "நீயே பெத்துடும்மா" என்றார் மேலாளர். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எப்போதுதான் வந்திருக்கிறது?

ஜூன் 5

"அம்மா, பால் கொடுத்தீர்களா?" என்று செயலி கேட்டது. பேருந்தில் என் போனை எட்டிப் பார்த்த பெரியவர் எழுந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்துகொண்டேன். மறுத்தால் பேச வேண்டுமே.

ஜூன் 6

அம்மா என் போனை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். "உங்கள்... செல்ல... மகன்... யாரு மகன்டி? இதுக்கா உன்னைக் காலேஜுக்கு அனுப்புனேன்?" வீட்டின் முதல் பட்டதாரி தலைகுனிந்து நின்றேன்.

அக்கா சிரித்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சிசேரியன் தையல் இன்னும் ஆறவில்லை. அவள் மகன் நிஜமானவன், அதனால் அழுகிறான். "உங்க ஆபீஸ் பாக்குற ஆப்னா நம்பலாம்லடி? எனக்கும் போட்டுக் குடு" என்றாள். போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 9

தினமும் ஒரு கேள்வி: இன்று எப்படி இருக்கிறீர்கள்? நலம், நலமில்லை என்று இரண்டு பொத்தான்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் போடுவதால் 'வானம்' என்று பெயர் வாங்கிய சீனியர் அண்ணன் தொழில் கற்றுத் தந்தார்: "நலம்னே அமுக்கு. இன்னொண்ணை அமுக்குனா கேள்வியா கேட்டுக் கொல்லும். வீட்டுக்குப் போக வேண்டாமா?"

நலம். பலூன் பறந்தது. நலம். மறுபடி பலூன். வண்ணத்துக்கு முழு மதிப்பெண்.

ஜூன் 12

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தையலில் சீழ். "காய்ச்சல் வந்தன்னைக்கே வரக்கூடாதா?" என்று டாக்டர் சத்தம் போட்டார்.

அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நலமில்லைன்னு அமுக்குனேன்டி. காய்ச்சலான்னு கேட்டுச்சு, வலியான்னு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் ஆமான்னேன். கடைசில பலூன் விட்டுச்சு. சரி, பயப்பட ஒண்ணுமில்லைன்னு இருந்துட்டேன்."

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அதை அமுக்கிப் பாத்திருக்கக் கூடாதா நானு?

ஜூன் 16

சான்றில் கையெழுத்துப் போடும் கூட்டம். என்னால் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். போனை மேலாளர் முன் வைத்தேன். "நலமில்லைன்னு அமுக்குங்க சார்." அவ்வளவுதான் வந்தது.

அமுக்கினார். காய்ச்சல்? ஆம். தையலில் வலி? ஆம். சீழ்? ஆம். "பகிர்ந்தமைக்கு நன்றி, அம்மா!" திரை முழுக்கப் பலூன்.

"எங்க அக்கா ஆஸ்பத்திரில இருக்கா சார்" என்றேன்.

செயலியைச் செய்த கம்பெனியிலிருந்து வந்திருந்தவர், "பலூன் தடங்கல் இல்லாம பறக்குதுல்ல சார்?" என்றார். வானம் அண்ணன் தன் அறிக்கையில் போட்டிருந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக அடித்தார். மேலாளர் பேனாவை மூடினார்.

ஜூன் 19

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள்.

ஜூன் 27

செயலியைத் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். நலமில்லை என்றால் இப்போது பலூன் பறப்பதில்லை. புறா பறக்கிறது.

சான்று கிடையாது என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன்.

ஜூன் 30

என் மகனை நீக்கினேன். "நிச்சயமாகவா, அம்மா?" என்றது.

காலையில் அக்காவிடம் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "முடியலடி" என்றாள். குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைப் படுக்கச் சொன்னேன். என் தோளில் பால் கக்கினான்.

மேலாளருக்குப் போன் செய்து லீவு கேட்டேன். காரணம் கேட்டார்.

"குழந்தை சார்."

"எந்தக் குழந்தைம்மா?"

போனைக் குழந்தையின் வாயருகே பிடித்தேன். வீறிட்டான்.