மஞ்சள் பல்ப் எரியவில்லை

நவம்பர் 6, 2024, புதன்

அருள்புரம் சாயப்பட்டறை லேபில் இன்றும் அதே சண்டை. கடல்பச்சைத் துணி பகல் வெளிச்சத்தில் சரி. கடை டியூப்லைட்டில் சாம்பல். வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாறினால் துணி வாங்கும் பையர் திருப்பி அனுப்பிவிடுவான். கூட வேலை செய்யும் பிரபாகர் சொல்கிறார், "கடைக்காரனையே டியூப மாத்திக்கச் சொல்லீரலாமுங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

கீதாஞ்சலி வீட்டுக்குப் போனேன். தையில் எங்கள் நிச்சயம். அவள் அம்மா சாமியாத்தாள், இறந்துபோன கணவரின் மோதிரத்தை எடுத்துக் காட்டினார். எனக்குப் போடத்தானாம். உசிலம்பட்டிக்காரனை மாப்பிள்ளையாக ஒப்புக்கொண்டதே பெரிது. இது அதற்கும் மேல்.

பச்சைக் கல். அலெக்ஸாண்ட்ரைட்டாம், காங்கேயத்தில் வாங்கியதாம்.

"பகல்ல பச்சை, கண்ணு. அந்திக்கு அவுரு கையில செவப்பா நிக்கும்."

அந்தி ஆகித்தான் இருந்தது. எல்இடி விளக்கில் கல் பச்சையாகவே இருந்தது. "லேப்ல வச்சுப் பாத்துச் சொல்றேன்" என்று வாங்கி வந்தேன். யார் கேட்டார்கள் என்னை?

நவம்பர் 11

லேபில், துணி நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் வைத்தேன். பகல் வெளிச்சம் — பச்சை. கடை டியூப் — பச்சை. அதிலிருக்கும் மஞ்சள் குண்டு பல்ப் பியூஸாகி மாதக்கணக்காகிறது. எங்கள் பையர் அந்த வெளிச்சத்தைக் கேட்பதே இல்லை. இரண்டு போதும். மாறவில்லை. போலி.

நவம்பர் 12

மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துச் சொல்லிவிட்டேன். "அத்தை, இது சும்மா பச்சைக் கல்லு. யாரோ மாமாவ ஏமாத்திட்டாய்ங்க."

"நான் கண்ணால பாத்தனுங்களே..."

"அது உங்க நெனப்பு."

கீதா என்னை முறைத்தாள். உள்ளதைத்தானே சொன்னேன்?

டிசம்பர் 3, செவ்வாய்

புது பையருக்கு மஞ்சள் பல்பிலும் நிறம் ஒத்துப்போக வேண்டுமாம். பல்ப் மாட்டினோம். எரிந்ததும் மோதிரம் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து அந்தக் கல்லைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். அலெக்ஸாண்ட்ரைட் சிவப்பது குண்டு பல்பிலும் விளக்குச் சுடரிலும்தான். வெள்ளை டியூபில் பச்சையாகவே கிடக்கலாம். செயற்கைக் கல்லும் நிறம் மாறும். எது இயற்கை என்று ரத்தினச் சோதனைக்கூடம்தான் சொல்ல வேண்டும்.

இத மொதல்லயே படிச்சுத் தொலச்சா என்னவாம்?

டிசம்பர் 4

கீதா வீட்டுக்கு ஓடினேன்.

"கல்லுங்களா? பேத்து நொய்யல் ஆத்துல போட்டாச்சுங்க. பொய்க்கல்லு ஊட்டுல எதுக்குங்க?" என்றார் சாமியாத்தாள்.

சுவரில் மாமாவின் படம். யார் கல்யாணத்திலோ குண்டு பல்புக்குக் கீழே எடுத்தது. விரலில் கல் — சிவப்பு. அதன் அடியில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு முறையும் காபி குடித்தேன்.

இயற்கையா, செயற்கையா — இனி யாரும் சொல்ல முடியாது. மாறியது. அது மட்டும் உறுதி.

வாசலில் கீதாவிடம் சொன்னேன். உள்ளே எட்டி அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்டச் சொல்லீராதீங்க. அவுங்க கையாலயே போட்டது. தாங்க மாட்டாங்க."

டிசம்பர் 15, ஞாயிறு

நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தினேன். கறுப்புத் தண்ணீர். கிளம்பிவிட்டேன்.

ஜனவரி 19, 2025, ஞாயிறு

நிச்சயம் முடிந்தது. அதே மோதிரம், புது வெள்ளைக் கல். சாமியாத்தாள் போட்டுவிட்டு, சபை நடுவே சிரித்துக்கொண்டே சொன்னார்: "இது எந்த வெளிச்சத்துலயும் மாறாதுங்க மாப்பிள்ளை. வேணும்னா லேப்ல வச்சுப் பாத்துக்குங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கீதா மட்டும் சிரிக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரிங்க அத்தை" என்றேன்.