'இல்லாவிட்டால்' எழுத மறந்தவன்

பெலேம்
3 ஆகஸ்ட் 2009

அன்புள்ள எவந்த்ரோ,

நலம். போனில் பேசினால் சண்டை வருகிறது, அதனால் கடிதம். இரண்டு மாத வேலை என்று மனாவுஸ் போனவனுக்கு இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றி இப்போது கேட்கவில்லை. ஜூனில் நாலு நாள் வந்தபோது கடை வாசலில் மாட்டிவிட்டுப் போனாயே சிவப்பு விளக்கு, அதைப் பற்றித்தான். தராசில் பானை நாலு கிலோவுக்கு மேல் இருந்தால் எரியும், அசாயிப் பழக்கூழ் தயார் என்று தெருவுக்கே தெரியும் என்றாய். எரிகிறது. பானை காலியான பிறகும் எரிகிறது. நேற்று எதிர்வீட்டு நசாரே அம்மா வெறும் பானையை எட்டிப் பார்த்து, "விளக்கயே கரைச்சுக் குடுக்கப் போறியாடி?" என்றாள். வரிசையே சிரித்தது.

உன்
ஜாந்திரா

மனாவுஸ்
19 ஆகஸ்ட் 2009

என் செல்ல ஜாந்திரா,

விளக்குக்கு நான் எழுதிய கணினி நிரலில் பிழை கிடையாது. தராசைத் துடைத்துப் பார். ஒப்பந்தம் முடிந்தால் அக்டோபரில் சிரியோ திருவிழாவுக்கு வருகிறேன். மேலாளர் விடுப்பு தந்தால் அதற்கு முன்பே வருவேன். இங்கே அசாயியில் சர்க்கரை போட்டுத் தருகிறார்கள், பாவிகள்.

ஏக்கத்துடன்
எவந்த்ரோ

பெலேம்
4 செப்டம்பர் 2009

எவந்த்ரோ,

தராசைத் துடைத்தேன். பிறகு உன் நிரலைக் கணினியில் திறந்து, உன் பழைய சி மொழிப் புத்தகத்தோடு ஒரு வாரம் உட்கார்ந்தேன், மண்டை காய்ந்தது. நாலு கிலோவுக்கு மேல் இருந்தால் எரி என்று 'இஃப்' போட்டிருக்கிறாய். இல்லாவிட்டால் அணை என்று சொல்லும் 'எல்ஸ்' எங்கே? நானே சேர்த்தேன். இப்போது ஒழுங்காக அணைகிறது.

அப்புறம் உன் கடிதத்தை மறுபடி படித்தேன். ஒப்பந்தம் முடிந்தால் வருவாய், விடுப்பு தந்தால் வருவாய். இல்லாவிட்டால்? இரண்டு வருடமாக அதை மட்டும் எழுதவில்லை. நானும் எரிந்துகொண்டே இருக்கிறேன்.

சிரியோவுக்கு நீ வந்தால் மரவள்ளி இலையை ஏழு நாள் கிளறி மனிசோபா சமைப்பேன். இல்லாவிட்டால் என்ன என்று நான் எழுதவில்லை. எழுதினால் செய்துவிடுவேன்.

ஜாந்திரா

சாந்தரேம், பெலேம் வரும் படகிலிருந்து
29 செப்டம்பர் 2009

ஜாந்திரா,

ஒப்பந்தம் முடியவில்லை, விடுப்பும் தரவில்லை. வேலையை விட்டுவிட்டேன். காரணம் கேட்டார் மேலாளர். நிரலில் ஒரு வரி விட்டுப்போயிற்று என்றேன். "அதுக்கு ஊருக்கே போகணுமாய்யா?" என்றார். ஆமாம் என்றேன்.

பிழை என்னுடையதுதான். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து சேர்ந்தாலும் சேர்வேன். கதவைத் திறப்பது உன் விருப்பம். திறக்காவிட்டால் எங்கே போவதென்று நான் யோசித்து வைக்கவில்லை. வாசலிலேயே நிற்பேன்.

எவந்த்ரோ