முதுகுக்கடியில் ஓர் உப்பு முடிச்சு

என் அன்புக்கும் பயத்துக்கும் உரிய அத்தைக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. மரக்காணத்தில் மழை விட்டு, நீங்கள் வேலை பார்த்த உப்பளத்தில் மறுபடி பாத்தி மிதிக்கத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் மகன் நலம். நான் அதே ஐசியுவில்தான் நர்சாக இருக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து படுத்தால், "ஏம்மா, இன்னும் படுத்திருக்க?" என்று கேட்க வீட்டில் ஆளில்லை. இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன். தூக்கம் வரவில்லை.

போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, என் வார்டுக்கே வந்து சேர்ந்தீர்கள். வாயில் குழாய், மூச்சுக்கு மிஷின். கல்யாணம் ஆனதிலிருந்து நான் பேசி நீங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? "ஏன் அத்தை, இன்னும் படுத்திருக்கீங்க?" என்று தினமும் கேட்டேன். முறைத்தீர்கள்.

படுத்தே கிடந்தால் கைகால் ஓய்ந்துபோகும். ஒரே பக்கம் அழுந்தினால் ரத்தம் ஓடாமல் தோல் புண்ணாகிவிடும். அதனால்தான் உங்களை இடமும் வலமுமாகத் திருப்பிக்கொண்டே இருந்தோம். பெருமுக்கல்லிலிருந்து வந்த உங்கள் மகள் செல்விக்கு அது எப்படித் தெரியும்? கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள்:

"பாருண்ணா, அம்மாவ எப்படிப் போட்டுப் பொரட்டறாங்க. வூட்ல காட்ட முடியாத கோவத்த இங்க காட்டறாங்க."

அவர் பதில் பேசவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

உங்கள் இடுப்புக்குக் கீழே சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. அன்று பார்வை நேரத்தில் செல்வி உள்ளே வந்து போனாள். பிறகு உங்களைத் திருப்பினால், பழைய புடவைத் துணியில் கட்டிய உப்பு முடிச்சு ஒன்று, சூடு ஆறாமல், அந்தத் தடத்துக்கு நேர் கீழே இருக்கிறது. எதிர் டீக்கடையில் சுட வைத்து எடுத்து வந்திருக்கிறாள். உங்கள் வைத்தியம்தான். சுளுக்கோ வீக்கமோ, நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் உப்பு ஒத்தடம்தானே.

அவளை உள்ளே கூப்பிட்டேன். "செல்வி, இது அழுந்தி அழுந்தி செவந்த எடம். சூடும் கல்லுப்பும் பட்டா தோலே உரிஞ்சிடும்."

"உப்பு எங்கம்மாவ இன்னா பண்ணிடும்? ஆயுசுக்கும் அதுலயே நின்னவங்க!"

கையைக் கழுவி வரச் சொல்லி, அவள் உள்ளங்கையை எடுத்து முதலில் உங்கள் முதுகிலும் பிறகு அந்தத் தடத்திலும் வைத்தேன். அந்த இடம் மட்டும் கொதித்தது. அவள் முகம் மாறிவிட்டது.

"இப்ப இன்னா பண்றது அண்ணி?"

"உக்கார வைக்கலாம். அந்தப் பக்கம் தோளப் புடி."

மூச்சுக்குழாயோடு ஒருவரை உட்கார வைப்பது அப்போது எங்கள் வார்டில் வழக்கமில்லை. நீங்கள் நினைவோடு இருந்ததால், டாக்டரை நச்சரித்து அன்று காலையில்தான் சம்மதம் வாங்கியிருந்தேன். இன்னொரு நர்ஸ் குழாயைப் பார்த்துக்கொள்ள, நாங்கள் ஆளுக்கொரு தோளைப் பிடித்தோம். கட்டிலோரம் கால் தொங்க உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்ததும் என்ன செய்தீர்கள், நினைவிருக்கிறதா? கண்ணாலேயே செருப்பைத் தேடினீர்கள். வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம்! செல்வி சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதன்பிறகு வந்தபோதெல்லாம் அவளும் என்னோடு சேர்ந்து உங்களைத் திருப்பினாள். தடம் மங்கியது. ஆனால் காய்ச்சல் திரும்பி வந்தது, நீங்கள் போய்விட்டீர்கள். உட்கார வைத்து என்ன பயன் என்று இப்போதும் சில நாள் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

வீட்டில் உங்களைக் குளிப்பாட்டியபோது செல்விதான் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றினாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, கூடியிருந்த பெண்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னாள்: "எங்கம்மா ஒடம்புல ஒரு புண்ணு இல்ல. எங்க அண்ணி பாத்துக்கிட்டாங்க." அதுவரை அடக்கி வைத்திருந்தேன் அத்தை. அங்கேயே உடைந்து அழுதேன்.

இன்னொரு சேதி. செல்வியின் மாமனார் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவள்தான் திருப்பிப் படுக்க வைக்கிறாள். "எங்கப்பாவப் போட்டுப் பொரட்டறா" என்று அங்கேயும் ஒரு நாத்தனார் சொல்கிறாளாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் போகிறேன். அவரை உட்கார வைத்துவிட்டுத்தான் வருவேன். ஒரு தோளைச் செல்வி பிடிப்பாள். இன்னொரு தோளுக்கு அந்த நாத்தனாரைக் கையைக் கழுவி வரச் சொல்வேன்.

நீங்கள் மட்டும் இனி படுத்தே இருங்கள், அத்தை. எழுப்ப மாட்டேன்.

உங்களைப் புரட்டிப் புரட்டிப் போட்ட
உங்கள் மருமகள்