ஹெல்மெட்டோடு வரிசையில்

7, செவ்வாய்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.
இவரை ஒருவழியாக அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். இவர் வேலை பார்த்த அம்பத்தூர் கம்பெனியை மூடி இரண்டு மாதம். கம்பெனி இன்சூரன்ஸும் போயிற்று. அன்றோடு பிரஷர் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கேட்டால், "எனக்கு ஒண்ணும் இல்ல." இவர் அப்பா பக்கவாதத்தில் படுத்தவர்.
வரிசையில் ஹெல்மெட்டைக் கழற்றவே இல்லை. நம் ஃப்ளாட்காரர்கள் பார்த்துவிடுவார்களாம். அவர்கள் யார் அங்கே வரப்போகிறார்கள்.
டாக்டர் சின்னப் பெண். நல்ல பொறுமை. பிரஷர் ரொம்ப அதிகம். தினம் காலையில் ஒரு மாத்திரை.
வெளியே வந்ததும், "சும்மா குடுக்குறது என்னத்த கேக்கும்?" என்றார். இத்தனை வருடம் வரி கட்டியவர் பேசுகிற பேச்சா. என்ன சும்மா?

9, வியாழன்
வெயில். துணி காய்ந்தது. கொத்தமல்லி, கேஸ் புக்கிங், மாவு.
மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறார். 'தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்திருக்கிறதே. மேல் வீட்டு சுரேஷ் வந்தால் கண்ணில் படுமாம். அந்தப் பையன் ஐ.டி.யாம், என்ன நினைப்பானாம்.

13, திங்கள்
கொரட்டூரில் இவருக்கு இன்டர்வியூ. ரயிலை விட்டு இறங்கியதும் தலை சுற்றி பிளாட்பாரத்திலேயே விழுந்திருக்கிறார். யாரோ தண்ணீர் கொடுத்து, எனக்கு போன் செய்தார்கள். நெமிலிச்சேரி வீட்டிலிருந்து போய்ச் சேரும்வரை உயிர் என்னிடம் இல்லை. இன்டர்வியூ போச்சு. போகட்டும்.
வீட்டுக்கு வந்து அட்டையைப் பார்த்தால் கணக்குக்கு மேல் காலி. தினம் இரண்டு போட்டிருக்கிறார்.
"கவர்மெண்ட் மாத்திரைதானே, பவர் கம்மியா இருக்கும்னு..."
தட்டில் சோறு போட்டேன்.

14, செவ்வாய்
மறுபடி அதே வரிசை. ஆட்டோவில். ஹெல்மெட் வீட்டில்.
டாக்டர் திட்டவில்லை. "வெளியில வாங்குறதும் இதுவும் ஒரே மருந்துதான் சார். ஒண்ணு போதும். அடுத்த வாரம் வந்து காட்டுங்க."
பின்னால் நின்ற பூக்காரம்மாதான் விடவில்லை. "இன்னா சார், கவர்மெண்டு மாத்திரன்னா ரெண்டா? ஓட்டு மட்டும் ஒண்ணுதானே போட்டுகினு வர?"
வரிசையே சிரித்தது. இவரும். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

21, செவ்வாய்
மூட்டம். பிரஷர் இறங்கியிருக்கிறது. அப்பாடா.
டாக்டரிடம் காட்டிவிட்டுக் கிளம்பும்போது பார்த்தால், பெஞ்சில் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். சட்டையை வைத்தே தெரிந்துவிட்டது, மேல் வீட்டு சுரேஷ். நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன்.
இவர் நேரே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஒன்றும் விசாரிக்கவில்லை. மெதுவாக:
"எவ்ளோ சொல்றாங்களோ அவ்ளோ போட்டா போதும் சார். நல்லா கேக்குது."
ஹெல்மெட் தலையாட்டியது.