காயாத வில்லை

மார்ச் 11, செவ்வாய்

ரவுண்ட் ராக் ஃப்ரீவே ஓரத்தில் அந்தக் காட்டுச் செடியை முதலில் பார்த்தது நான். இன்று லேபில் கைதட்டல் என்னோடு வேலை செய்யும் வித்யாவுக்கு. அந்தச் செடியின் சாற்றை இருவருமே சோதித்தோம்; என் சோதனைத் தட்டில் கிருமிகள் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்திருந்தன. அவள் தட்டில், செடிச்சாற்றில் நனைத்த காகித வில்லையைச் சுற்றிக் கிருமியே இல்லாத பெரிய வளையம். எனக்கு வயிறு எரிந்தது.

"நீயே மெஷர் பண்ணு ரேவதி, நான் நோட் பண்ணிக்கறேன்" என்றாள்.

அளந்தேன். அப்போதுதான் தட்டின் ஓரத்தைப் பார்த்தேன். சாறே இல்லாமல், சாறு இறக்கப் பயன்படுத்தும் வெறும் ஆல்கஹாலில் நனைத்து ஒப்பிட வைத்திருந்த வில்லையைச் சுற்றியும் அதே அளவு வளையம். அவசரக்காரி, வில்லைகளைக் காயவிடவே இல்லை. கிருமியைக் கொன்றது செடி இல்லை, ஆல்கஹால்.

"சூப்பர்டி" என்றேன். நாளை மீட்டிங்கில் ப்ரொஃபசரே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது பார்க்கிங் வரை ஓடி வந்தாள். "நாளைக்கு மீட்டிங் ஸ்லைடுல உன் பேரைத்தான்டி ஃபர்ஸ்ட் போட்டிருக்கேன். செடி உன்னோடது, ரீடிங்கும் நீ எடுத்தது."

இதிலும் அவள்தான் ஒரு படி மேலே.

ஆல்கஹால் விஷயத்தை இன்றே அவளிடம் சொல்லிவிடப் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அவளுக்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று இங்கே எழுதப் பார்க்கிறேன், பேனா வரமாட்டேன் என்கிறது.