தேதி தப்பு, எடை சரி

திருவொற்றியூர்,
நவம்பர் 9, சனிக்கிழமை.

அன்பு மகன் வல்லரசுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தி மகிழினியும் அந்த தோஹா வெயிலில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முட்டிவலியைத் தவிர வேறு குறை இல்லை.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்தாலே நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. எழுதி முடித்ததும், நம் கம்ப்யூட்டரைச் சரிபண்ணித் தந்த ஆன்சி போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவாள். நாலு பக்கத்தையும் படி.

தீபாவளிக்கு மறுநாள் பெய்த மழையில் நம் எடை மேடை அறைக்குள் தண்ணீர் இறங்கி, கம்ப்யூட்டர் ஒரு தரம் சீறிவிட்டு அணைந்துபோனது. லாரிகளை எடை போட முடியாமல் திருப்பி அனுப்பினேன். அதைவிடப் பெரிய கவலை வேறொன்று. டிரைவர் சவரிநாதனின் வண்டி எடை அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தது.

அவன் விஷயம் உனக்குப் பாதிதான் தெரியும். போன மாதம் பதினெட்டாம் தேதி துறைமுகத்திலிருந்து செம்புக் கழிவு ஏற்றிக்கொண்டு, நம் மேடைக்கு எதிரே பழைய உலோகம் வாங்கும் யார்டுக்கு வந்தான். நல்ல டிரைவர் எவனும் கேட்டுக்குள் நுழையும் முன் வெளியே ஒரு எடை போட்டுக்கொள்வான். இவனும் நம் மேடையில் போட்டான். எடைச் சீட்டை யார்டு கேட்டில் கொடுத்தான், உள்ளே போனான். மறுநாள் மூன்று டன் குறைகிறது, வழியில் இறக்கிவிட்டான் என்று அவன்மேல் யார்டிலிருந்து புகார். சீட்டைக் கேட்டால், அப்படி ஒன்றைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள். லைசென்ஸை ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். தினமும் காலையில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறான்.

கம்ப்யூட்டர் நின்றுபோன சேதி கேட்டு, யார்டு மேனேஜர் சுப்பராயன் அன்றைக்கே புதுப் பெட்டியோடு வந்து நின்றான். இத்தனை வருஷத்தில் ஒரு டீ வாங்கித் தராதவன்.

"இன்னா ஆயா, இந்த டப்பாவக் கட்டிகினு அழுவுற? புச்சு எடுத்தாந்துகீறேன், சும்மா வச்சிக்கோ. பழச மட்டும் குடுத்துடு. உன் புள்ளகிட்ட பேசிட்டேன், ஓகேன்ட்டாரு" என்றான்.

"ஓகே சொன்ன புள்ள தோஹாவுல கீறான். டப்பா இங்க கீது. வண்டிய எடு, மேடைய அடைச்சிகினு நிக்காத" என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் தண்டையார்பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆன்சியை வரவழைத்தேன். பெட்டியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னா ஆயா, உள்ள கொயம்பு வச்சிகீறியா?" வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு நான் அப்பிய சந்தனமும் குங்குமமும் காற்றாடி வழியாக உள்ளே போய் அடை தட்டியிருக்கிறது. "உப்புக்காத்து பாதி துன்னுச்சு, மீதிய நீ குடுத்த சந்தனம் துன்னுச்சு. மதர்போர்டு காலி" என்றாள். இனிமேல் பொட்டு திரைக்கு மேலே மட்டும்தான்.

எடை காட்டும் கருவியிலிருந்து வரும் ஒயருக்கு ஒன்பது ஊசி வாய் வேண்டும். புது கம்ப்யூட்டரில் அந்த வாயே கிடையாதாம். சுப்பராயன் பெட்டியை வாங்கியிருந்தால் ஒயரைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆன்சி ரிச்சி தெருவில் இரண்டு நாள் அலைந்து அதே ஜாதி பழைய போர்டு ஒன்றைத் தேடிப் பிடித்து வந்து மாட்டினாள். அதற்கும் முன்னால் செய்த வேலை, பழைய டிஸ்கில் இருப்பதை எல்லாம் புது டிஸ்குக்கு மாற்றியது. பழையது டிக்டிக்கென்று அடித்துக்கொண்டது. "இத்த ஒருவாட்டிதான் ஓட்ட முடியும் ஆயா, பேசாத" என்றாள். சவரிநாதன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் வந்தது. பதினெட்டாம் தேதியைத் திறந்தால் காலையில் போன எட்டு வண்டிகள் மட்டும். மத்தியானத்துக்கு மேல் வெறும் வெள்ளை. "போச்சு ஆயா" என்றாள் ஆன்சி. சவரிநாதன் எழுந்து செருப்பைத் தேடினான்.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டும் சின்ன செல் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிறது. கரண்ட் போய் வந்தால் 2002 ஜனவரி ஒன்றில் போய் நின்றுகொள்ளும். திறந்ததும் முதல் வேலையாக நான்தான் சரியான தேதியை அடிப்பேன். பதினெட்டாம் தேதி மத்தியானம் கரண்ட் போய் வந்தது. வரிசையில் நின்ற லாரிகள் ஆரனை அலறவிட்டன. தேதியை அடிக்காமலே எடை போட்டுவிட்டேன்.

"தேதியப் பாக்காத ஆன்சி, சீட்டு நம்பரப் பாரு" என்றேன். காலையில் கடைசிச் சீட்டு 6140. மறுநாள் முதல் சீட்டு 6163. நடுவில் இருக்கும் இருபத்திரண்டும் 2002 ஜனவரி ஒன்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 6151 சவரிநாதன் வண்டி. சரக்கு முழுசாக இருக்கிறது, ஒரு கிலோ குறையவில்லை. அவன் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

நேற்று சுப்பராயன் மறுபடி வந்தான். தேதி விஷயம் எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. "ரெண்டாயிரத்து ரெண்டுல அந்த வண்டியே பொறக்கல ஆயா! அஞ்சாங்கிளாஸ் படிச்சிட்டு இன்ஸ்பெக்டராண்ட போய் இன்னா சொல்லுவ?" என்று இளித்தான்.

"பொறக்காத வண்டி என் மேடைல ஏறாதுல்ல நைனா? அப்போ தேதிதான் தப்பு. ஆறாயிரத்து நூத்து நாப்பதுக்கு அப்புறம் இன்னா வரும்னு சொல்றதுக்கு அஞ்சாங்கிளாஸ் போதும்" என்றேன். பின்னால் எடைக்கு நின்ற டிரைவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் மூஞ்சி சுண்டிவிட்டது.

வல்லரசு, தேதி அடிக்க மறந்தது நான். அதை அத்தனை பேர் முன்னால் என் வாயாலேயே சொல்வேன். கௌரவம் போகும் என்றால் போகட்டும். எடை தப்பில்லை. போன மாதம்தான் மேடையைச் சோதித்து அரசாங்க முத்திரை போட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனில் விசாரணை. எடை மேடை லைசென்ஸ் உன் பேரில் இருப்பதால், நம் கம்ப்யூட்டரில் உள்ள விவரம் உண்மை என்று நீ கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். அந்தத் தாளையும் ஆன்சி இதோடு அனுப்புகிறாள். நீ திருப்பி அனுப்பினால் அவள் கடையில்தான் பிரிண்ட் எடுக்க வேண்டும்.

சுப்பராயனிடம் நீ என்ன பேசினாய் என்று நான் கேட்கவில்லை. இந்த இடத்தை யார்டுக்கு விடுவதாகப் பேச்சு என்று அவனே நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதையும் கேட்கவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். கையெழுத்து வந்தாலும் வராவிட்டாலும் திங்கட்கிழமை நான் அங்கே நிற்பேன். வந்தால், நாம் இரண்டு பேரும் நின்றதாக இருக்கும்.

நீ தலை நிமிர்ந்து நடக்க வேண்டும். மகிழினி என் உயரத்துக்கு மேல் வளர வேண்டும்.

நாளை சாயங்காலம்வரை ஆன்சி கடை திறந்திருக்கும்.

உன் அம்மா,
பூவம்மா